24 வயது, 16 பக்கத் திட்டம். 30-க்குப் பிறகு எனக்கு ஏன் எழுத வரவில்லை?

பதினாறுபக்கம் (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 24 வயது, பெண். ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன். தம்பிக்கு 17. என்னோடுதான் இருக்கிறான்.

போன மாதம் வருடாந்தர மதிப்பீட்டின்போது மேலாளர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "பத்து வருஷம் கழிச்சு எங்கே இருக்கணும்னு நினைக்கிறீங்க?" வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அவர் கேலி செய்யவில்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. இரவு ஒரு நோட்டை எடுத்து 25-லிருந்து 40 வரை வயதுக்கு ஒரு பக்கம் என்று 16 பக்கம் பிரித்து எழுத உட்கார்ந்தேன். எழுதியது இது:

25: அப்பாவின் கடனில் நான் ஏற்றுக்கொண்ட பங்கை முடிப்பது.
26: ஆறு மாதச் செலவுக்கான பணம், யாருக்கும் தெரியாத ஒரு வங்கிக் கணக்கில்.
27: இன்னொரு தகுதித் தேர்வு. இந்த வேலை போனால் உடனே அடுத்தது கிடைக்க.
28: தம்பி படிப்பு முடியும்.
29: கார் ஓட்ட உரிமம். நடு ராத்திரி கிளம்ப வேண்டி வந்தால் யாரையும் கேட்க வேண்டாம்.
30: சொந்தமாக ஒரு சின்ன வீடு. இரண்டு வாசல் உள்ளதாக.

31-லிருந்து 40 வரை பத்துப் பக்கமும் காலி. நான்கு இரவு உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

சின்ன வயதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. இரவில் அப்பா வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடுகிற சத்தத்திலேயே அன்றைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும். மெதுவாகப் போட்டால் தூங்கலாம். ஓங்கி உதைத்தால் தம்பியை எழுப்பிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். என் சான்றிதழ்கள் எல்லாம் பத்தாம் வகுப்பிலிருந்தே பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெட்டியில்தான் இருந்தன, எங்கள் வீட்டில் வைத்தால் எரிந்துபோகும் என்பதால். அம்மா எனக்கு 13 வயதில் இறந்துவிட்டார். அதைப் பற்றி இங்கே எழுத முடியவில்லை. பள்ளியில் நூலகம் பார்த்துக்கொண்ட டீச்சர் சாயங்காலங்களில் சாவியை என்னிடமே கொடுத்துவைப்பார். இருட்டும்வரை அங்கே இருப்பேன்.

இணையத்தில் பத்துக் கேள்விச் சோதனை ஒன்று இருக்கிறது, சிறுவயதுப் பாதிப்புகளை எண்ணிச் சொல்வது. எனக்கு 7 வந்தது. 4-க்கு மேல் போனாலே நோய், குறைந்த ஆயுள் என்றெல்லாம் போட்டிருந்தார்கள். அதைப் படித்த பிறகு அந்தப் பத்துக் காலிப் பக்கமும் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

நான் கேட்க வந்தது மூன்று. எனக்கு ஏன் 30-க்குப் பிறகு எதுவும் தெரியவில்லை? கல்யாணம், குழந்தை என்று போனால் நானும் அப்பாவைப் போலவே ஆகிவிடுவேனா? தம்பி மேல் இரண்டு தடவை கத்தியிருக்கிறேன், அப்போது என் குரல் எனக்கே அவர் குரலாகக் கேட்டது. கடைசியாக, அப்பாவுக்கு வயதானால் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமா?

கரையோரம்

தங்கச்சி, எனக்கு 43 வயது. உங்கள் வீட்டு வண்டிச் சத்தம் எங்கள் வீட்டில் கதவுத் தாழ்ப்பாள் சத்தம். அதனால் மேலே போய் விளக்க வேண்டாம், புரிகிறது.

உங்கள் பட்டியலை மூன்று தடவை படித்தேன். உரிமம் எதற்கு? ராத்திரியில் கிளம்ப. வீட்டுக்கு இரண்டு வாசல் எதற்கு? ஒன்றில் அவர் நின்றால் இன்னொன்றில் ஓட. தேர்வு வேலை போனால் என்பதற்காக, கணக்கு யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக. ஆறு பக்கமும் தப்பிப்பதற்கான ஏற்பாடு. 30-இல் அந்த வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டால் தப்பிக்கிற வேலை முடிந்துவிடுகிறது. அப்புறம் 31-ஆம் பக்கத்தில் எழுத என்ன இருக்கும்? உங்களுக்குக் கற்பனை வறண்டுவிடவில்லை. அதற்கு மேல் யோசிக்க இதுவரை உங்களுக்கு நேரமே கிடைக்கவில்லை.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 1976-இல் கலிபோர்னியாவில் சௌச்சில்லா என்ற ஊரில் ஒரு பள்ளிப் பேருந்தைக் கடத்தி, 26 குழந்தைகளையும் ஓட்டுநரையும் மண்ணுக்குள் புதைத்த ஒரு வண்டிப் பெட்டியில் அடைத்தார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து சந்தித்து, நான்கு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று 1983-இல் எழுதினார். பெரியவர்களாகி வேலை, குடும்பம் என்று நீண்ட நாள் வாழ்வோம் என்பதையே பலரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எதிர்காலம் குறுகிப்போன இந்த உணர்வைப் பிற்பாடு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலேயே அதிர்ச்சியின் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். எனக்கு 27 வயதில் ஒரு ஆலோசகர் இதைச் சொன்னபோது அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். அதுவரை நான் சோம்பேறி, இலட்சியம் இல்லாதவன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

அந்த 7-ஐ விட்டுத் தள்ளுங்கள். கோபமாகவே சொல்கிறேன், அந்தச் சோதனையை இப்படி ஆளுக்கு ஆள் போட்டுப் பயமுறுத்துவது தப்பு. வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 1998-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. ஆயிரக்கணக்கானவர்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் பாதிப்பு கூடக் கூட நோயும் கூடுகிறது என்று காட்டினார்கள், அது உண்மைதான். ஆனால் தனி ஒருவருக்கு என்ன ஆகும் என்று கணிக்க அந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்று அதே ஆண்டாவும் அவருடன் வேலை செய்தவர்களும் 2020-இல் எழுதினார்கள். அடி ஒரு தடவை விழுந்ததா, பத்து வருஷம் விழுந்ததா என்று அந்தக் கேள்விகளுக்குத் தெரியாது. பெட்டியில் சான்றிதழை வைத்துக்கொண்ட பாட்டியையும் சாவி கொடுத்த டீச்சரையும் பற்றி அந்தச் சோதனையில் ஒரு கேள்விகூடக் கிடையாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டவர்கள் அந்த இரண்டு பேர்தான். ஹவாயில் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் இருவரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, வீட்டில் சண்டை, பெற்றோருக்குக் குடி அல்லது மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு பேர் நன்றாகவே வந்தார்கள். அப்படி வந்தவர்களுக்குப் பெற்றோருக்கு வெளியே பற்றிக்கொள்ள யாரோ ஒருவர் இருந்தார்: ஒரு பாட்டி, ஓர் ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர். பதின்பருவத்தில் தடுமாறிய மற்றவர்களிலும் பலர் முப்பது, நாற்பது வயதில் நிலைக்கு வந்துவிட்டார்கள். உங்கள் நோட்டில் காலியாக இருக்கிற அதே வயதுகள்.

அப்பா மாதிரி ஆகிவிடுவேனா என்ற கேள்வி என்னைப் பதினைந்து வருஷம் தின்றது. 1987-இல் காஃப்மன், சிக்லர் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அடிபட்டு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர்தான் தம் பிள்ளைகளிடம் அதைத் திரும்பச் செய்கிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். அதாவது பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. என் மகளுக்கு இப்போது 9 வயது. அவளுக்கு 5 இருக்கும்போது பால் கொட்டியதற்கு ஒரு நாள் கத்திவிட்டேன், அவள் முகத்தில் என் பழைய முகத்தைப் பார்த்தேன். காலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து "நேத்து அப்பா கத்தினது தப்பு, நீ ஒண்ணும் பண்ணல" என்றேன். அந்த வாக்கியத்தை என் அப்பா என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நீங்கள் தம்பியிடம் இன்றைக்கே சொல்லலாம்.

காலிப் பக்கங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பெரிய இலட்சியம் தேடாதீர்கள், வராது. நான் முதல் வீட்டுக்குப் போனபோது சுவருக்கு என்ன நிறம் என்று பெயிண்டர் கேட்டார். "எது மலிவோ அது" என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோதுதான் எனக்கு எந்த நிறம் பிடிக்கும் என்றே தெரியவில்லை என்பது உறைத்தது. அந்த ஆலோசகர் எனக்குக் கொடுத்த வேலை: வாரத்துக்கு ஒன்று, எந்த ஆபத்திலிருந்தும் என்னைக் காப்பாற்றாத ஒன்றைச் செய்ய வேண்டும். முதல் இரண்டு மாதம் திணறினேன். அப்புறம் நின்றுபோன கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் என் வேலை.

மூத்தவள்

கரையோரம் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் ஒன்றில் ஒத்துப்போக மாட்டேன். அந்த ஆறு பக்கத்தையும் குறையாகப் பார்க்காதே கண்ணு. முதலில் பத்திரம், பிறகுதான் நடந்ததை நினைத்து அழுவது, அதற்குப் பிறகு மனிதர்களோடு வாழ்வது என்று ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் மூன்று கட்டமாகச் சொல்வார். நீ முதல் கட்டத்தை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறாய். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். ஓட்டுநர் உரிமத்துக்கு ஏன் 29 வரை காத்திருக்கிறாய்? இந்த வருஷமே எடு. பயத்துக்காக வைத்திருப்பதைச் சீக்கிரம் முடித்துவிட்டால் மீதி வருஷங்கள் உனக்கு.

அப்பாவைப் பற்றிக் கேட்டாய். எனக்கு 56 வயது, என் அப்பாவைக் கடைசி மூன்று வருஷம் நான் பார்த்தேன். என் நிபந்தனையில் பார்த்தேன். அவரைக் கவனிக்க ஓர் ஆளை வைத்தேன், அந்தச் சம்பளத்தில் பாதியை அண்ணன் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே பேசி முடித்தேன். பகலில் மட்டும் போவேன், என் கணவரோ மகனோ கூட வருவார்கள். ஓர் இரவுகூட அந்த வீட்டில் தங்கவில்லை. மருந்து, துணி, மருத்துவர் எதிலும் குறை வைக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவரும் ஒரு வேளைகூட வந்து பார்க்கவில்லை.

நீ அதைக்கூடச் செய்ய முடியாது என்று முடிவெடுத்தால் அதுவும் எனக்குப் புரியும். ஆனால் 24 வயதில் அதை முடிவு செய்யாதே. அந்தக் கேள்விக்கு நோட்டில் பக்கம் ஒதுக்காதே. வரும்போது பார்த்துக்கொள்.

எண்சுவடி

பணத்தைப் பற்றி மட்டும். கடன் பத்திரத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் கையெழுத்து இல்லையென்றால் சட்டப்படி உங்கள் பொறுப்பு எவ்வளவு என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் அடுத்த தவணையைக் கட்டாதீர்கள். பாசத்தில் கட்டுவதும் கடமையில் கட்டுவதும் வேறு வேறு, நோட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

ஆறு மாதச் செலவுப் பணம் நல்ல முடிவு. அது சேர்ந்ததும் மாதம் சிறு தொகையை நீண்ட கால முதலீட்டில் போடத் தொடங்குங்கள். 72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகிற வருஷம் ஏறக்குறைய வரும். 8 சதவீதம் கிடைத்தால் 9 வருஷம். 24-இல் போட்டது 60-இல் நான்கு தடவை இரட்டித்து 16 மடங்கு. அதே பணத்தை 33-இல் போட்டால் 8 மடங்குதான். கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், போட்டுப் பாருங்கள். 60 வயதான உங்களை ஒரு தாளிலாவது பார்ப்பீர்கள்.

பதினாறுபக்கம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. "தப்பிப்பதற்கான ஏற்பாடு" என்ற இடத்தில் அலுவலகத்திலேயே படித்துவிட்டு, எழுந்து முகம் கழுவப் போக வேண்டியதாயிற்று.

கடன் பத்திரத்தில் என் கையெழுத்து இல்லை. வழக்கறிஞர் ஒருவரைச் சனிக்கிழமை பார்க்கிறேன். மூத்தவள் அக்கா, ஓட்டுநர் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டேன், காலை ஆறு மணி வகுப்பு. அப்பா என்று எழுதியிருந்த ஒட்டுத்தாளை நோட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

தம்பியிடம் சொன்னேன். "அன்னிக்குக் கத்தினது தப்பு, நீ ஒண்ணும் பண்ணல." அவன் போனைப் பார்த்துக்கொண்டே "தெரியும்கா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீ கத்தினா நான் ஸ்டாண்டு சத்தம் கேட்ட மாதிரிதான் இருக்கும்" என்றான். அந்தச் சத்தத்தை அவனும் கேட்டுக்கொண்டிருந்தான் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. அவன் தூங்குகிறான், நான்தான் எழுப்புகிறேன் என்று நினைத்திருந்தேன். அன்று இரண்டு மணி வரை பேசினோம்.

31-ஆம் பக்கத்தில் நேற்று ஒரு வரி எழுதினேன். ஒரு பெரிய மேசை, சாயங்காலங்களில் படிக்க இடமில்லாத பிள்ளைகள் வந்து உட்கார்ந்து படிப்பதற்கு. எந்த ஊர், எந்த வீடு, பணம் எங்கிருந்து என்றெல்லாம் தெரியவில்லை. மேசை மட்டும் தெரிகிறது. சாவியை அவர்களில் ஒருவரிடம் கொடுத்துவைப்பேன்.