ஐபி டிப்ளோமா பெறுபேறு: எங்கள் வீடுகளில் நடந்தது

கோண்டாவில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:

முப்பது வருடம் உயர்தரத்துக்குக் கணிதம் படிப்பித்தவன் நான். துபாயில் இருக்கும் மகளின் மூத்த பிள்ளை ஐபி (International Baccalaureate) டிப்ளோமா எடுத்தாள். எங்கள் உயர்தரம்போல, பள்ளிக்கூடத்தின் கடைசி இரண்டு வருடப் படிப்பு அது. யூலையில் பெறுபேறு வந்ததும் என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள். "அம்மப்பா, எனக்கு 37."

"நூற்றுக்கோ?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. மகள் போனை வாங்கி, "45க்கு, அப்பா" என்றாள்.

பிறகு பள்ளிக்கூடம் புள்ளிகளைப் பகுதி பகுதியாகக் கொடுத்தது. கணிதத்துக்கு நூற்றுக்கு 64, தரம் 6. "இங்கே அது சி தானே பிள்ளை" என்று எழுதி அனுப்பினேன். ஒரு கிழமை அவள் என்னோடு கதைக்கவில்லை. இரண்டு வருடம் இரவிரவாகப் படித்த பிள்ளை. அதை நினைக்க இன்றும் மனம் நோகிறது.

அதன்பின்தான் விதிகளை மகளிடம் கேட்டு வாங்கி ஆறுதலாக இருந்து வாசித்தேன். ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை தரம், ஆக 42. மிச்சம் 3 புள்ளி, 4000 சொல்லுக்குள் எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாடு என்ற பாடத்துக்கும் சேர்த்து.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வெட்டுப்புள்ளிதான். பரீட்சை முடிந்த பிறகு மூத்த பரீட்சகர்கள் விடைத்தாள்களைப் பார்த்து, எந்தப் புள்ளியில் 6 தொடங்குகிறது, எந்தப் புள்ளியில் 7 தொடங்குகிறது என்று தீர்மானிக்கிறார்கள். தாள் கடினமென்றால் வெட்டுப்புள்ளி இறங்கும். போன வருடம் எப்படிப்பட்ட விடைக்கு 6 கிடைத்ததோ, இந்த வருடமும் அப்படிப்பட்ட விடைக்கே 6 கிடைக்கவேண்டும் என்பது நோக்கம். இங்கே உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியோ மற்றப் பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதிலும் தங்கியிருக்கிறது. மாவட்ட நிலை, தீவு நிலை என்றே சிந்தித்துப் பழகியவன் அவளுடைய 64ஐயும் அந்தத் தராசில் போட்டுவிட்டேன்.

கூப்பிட்டு, "நான் பிழையாகச் சொல்லிப்போட்டன் குஞ்சு" என்றேன். உடனே அந்தக் கடினமான வினாத்தாளைப் படமெடுத்து அனுப்பினாள். கடைசி வினாவுக்கு எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

திருநெல்வேலி, ஒரு மாமி:

ஐயா, எங்களுக்கு நடந்தது மறுபக்கம். கொழும்பில் படித்த என் தம்பியின் மகனுக்கு 26 வந்தது. 24 எடுத்தால் டிப்ளோமா என்று கேள்விப்பட்டிருந்தோம். நல்லூரில் அர்ச்சனையும் செய்துவிட்டோம். டிப்ளோமா கிடைக்கவில்லை.

ஆறு பாடத்தில் கூடுதல் ஆழமாகப் படிக்கும் உயர்நிலைப் பாடங்கள் மூன்றில் 4, 4, 3. கூட்டினால் 11. அங்கே குறைந்தது 12 வேண்டுமாம். மற்ற மூன்றிலும் 5, 5, 4, கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாட்டுக்கும் சேர்த்து 1 எடுத்திருந்தான், அது உதவவில்லை. எந்தப் பாடத்திலும் 1 வரக்கூடாது, கட்டுரையிலும் அறிவுக் கோட்பாட்டிலும் ஈ (E) என்ற கடைசித் தரம் வரக்கூடாது என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. நவம்பர் பரீட்சையில் இரசாயனவியலைத் திரும்ப எழுதி 4 எடுத்தான். தயவுசெய்து மொத்தத்தை மட்டும் பார்க்காமல், உயர்நிலைக் கூட்டுத்தொகையைத் தனியாகப் பாருங்கள்.

மானிப்பாய், மலேசியாவில் ஐபி எழுதியவள்:

உள்ளகக் கணிப்பீடு, அதாவது பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆசிரியரே புள்ளி போடும் பகுதி, அதைப் பற்றியும் சொல்லவேண்டும். கணிதத்தில் மொத்தத்தின் 20 சதவீதம் நாங்கள் தனியாகச் செய்யும் ஆய்வுக்கு. எங்கள் ஆசிரியர் எனக்கு 20க்கு 17 போட்டார். ஆனால் வகுப்பிலிருந்து சில மாதிரிகள் வெளிப் பரீட்சகருக்குப் போகும். ஆசிரியர் தாராளமாகப் போட்டிருக்கிறார் என்று அவர் கண்டால், மாதிரியாகப் போகாத பிள்ளைகளின் புள்ளியும் சேர்ந்தே இறங்கும். என்னுடையது 14 ஆனது. கணிதத்தில் 7 கைவிட்டுப் போனது அதனால்தான். ஆய்வு எழுதும் பிள்ளைகள் ஆசிரியர் போட்ட புள்ளியோடு நின்றுவிடாமல், கணிப்பீட்டு நியதிகளை வரி வரியாகப் பக்கத்தில் வைத்து உங்கள் ஆய்வை நீங்களே ஒருமுறை திருத்திப் பாருங்கள்.