1930-களின் போட்டோவில் இருக்கும் சேலை பருத்தியா, பட்டா?

என் கொள்ளுப்பாட்டி மதுரையில் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட போட்டோ இது. அதில் கட்டியிருக்கும் சேலை என்ன துணி என்று தெரிந்தால், அதே மாதிரி ஒன்று செய்து அம்மாவுக்குக் கொடுக்க ஆசை. சேலை இப்போது இல்லை. கேட்கப் பெரியவர்களும் இல்லை.

காலம் 1930-களின் நடுப்பகுதி, கறுப்பு வெள்ளை. உடல் முழுக்கச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு வளையம், அதன் நடு மட்டும் கறுத்திருக்கிறது. ஓரம் லேசாகக் கசிந்திருக்கிறது, ஒன்று போல் இன்னொன்று இல்லை. அதனால் அச்சு இல்லை, முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடிதான் என்று நம்புகிறேன். சாயம் போடும் சௌராஷ்டிரப் பெரியவர் ஒருவரும் அதையே சொன்னார். துணிதான் குழப்பம். கொசுவம் கஞ்சி போட்ட பருத்தி மாதிரி விறைப்பாக நிற்கிறது, ஆனால் மடிப்பு மேடுகளில் பட்டு மாதிரி ஒரு மினுக்கம். முந்தியில் நாலு விரல் அகல ஜரிகை.

1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து பெரிதாக்கியும் இழை தெரியவில்லை. தெற்கு மாசி வீதிக் கடைகளில் காட்டினேன். ஒருவர் பருத்தி என்றார், இன்னொருவர் பட்டு என்றார். நிறம் ஏற்றும் செயலி கருநீலம் காட்டியது. அதை நான் நம்பவில்லை: அந்தக் காலத்தில் படம் பதிந்த பல கண்ணாடி பிளேட்டுகளில் சிவப்புதான் கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். அரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பழைய போட்டோக்களில் துணி பார்த்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்: கஞ்சி போட்ட பருத்தியின் மினுக்கத்தையும் பட்டின் மினுக்கத்தையும் எதை வைத்துப் பிரித்தறிவது?