எல்லா ஃபோல்டரிலும் உள்ள டாக் ஃபைல்களை மட்டும் அழிப்பது எப்படி?

வேர்டின் பழைய வடிவமான டாக் ஃபைல்களை எல்லாம் புதிய வடிவமான டாக்எக்ஸ் ஆக மாற்றி முடித்துவிட்டேன். 212 ஃபோல்டர். இப்போது பழையதை மட்டும் அழிக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து அழித்ததில் நாற்பதைத் தாண்டுவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. விண்டோஸ்தான்.

பதில் 1:
கமாண்ட் பிராம்ப்டில் டெல் கட்டளையோடு சாய்கோடு எஸ் சேர்த்தால் உள்ஃபோல்டர் வரைக்கும் போய் அழித்துவிடும். ஒரே வரி.

பதில் 2:
ஐயோ, அதைச் செய்துவிடாதீர்கள்! நான் பட்டவன். நட்சத்திரம் புள்ளி டாக் என்று கொடுத்தால் டாக்எக்ஸும் சேர்ந்து போகலாம். ஃபைலுக்கு டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) காலத்துக் குறும்பெயர் ஒன்றும் இருக்கலாம்; அதில் புள்ளிக்குப் பின் வரும் நீட்டிப்புக்கு மூன்றே எழுத்து என்பதால் டாக்எக்ஸும் டாக் ஆகிவிடும். விண்டோஸ் அதையும் ஒப்பிட்டுப் பார்க்கும். டெல் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கும் வராது.

மேல் ஃபோல்டரைத் திறந்து தேடல் பெட்டியில் அதே நட்சத்திரம் புள்ளி டாக்கைப் போடுங்கள். டீடெயில்ஸ் வியூவில் 'டைப்' தலைப்பைத் தட்டினால் '97-2003' என்று இருக்கும் பழைய டாக் ஃபைல்கள் ஒன்றாகச் சேரும். முதலாவதைக் கிளிக் செய்து, ஷிஃப்டோடு கடைசியைக் கிளிக் செய்து, வெறும் டெலீட். ஷிஃப்ட் டெலீட் வேண்டாம், அதுவும் ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பாது.

கேட்டவர்:
1,140 ஃபைல் போச்சு, டாக்எக்ஸ் எல்லாம் பத்திரம். ரீசைக்கிள் பின்னை ஒரு வாரம் காலி செய்யப்போவதில்லை.