இலை அச்சு ஒரே துவைப்பில் போய்விட்டது, என்ன செய்யலாம்?

கேள்வி: பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் துணிமேல் இலையை வைத்துச் சுத்தியலால் தட்டி அச்செடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். நரம்பு நரம்பாக அவ்வளவு அழகாக விழுந்தது. துவைத்ததும் பச்சை போய்விட்டது. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதில் 1: புதுத் துணியில் கஞ்சி இருக்கும், முதலில் சோப்புப் போட்டு அலசுங்கள். பிறகு 100 கிராம் துணிக்கு 15 கிராம் படிகாரம் வெந்நீரில் கரைத்து, இரவு முழுக்க ஊறட்டும். அப்படியும் வெயில் பட்டால் பச்சை பழுப்பாகும், முன்பே சொல்லிவிடுங்கள்.

பதில் 2: அச்சு மங்குவதற்குள் அதன்மேலேயே தைக்கச் சொல்லுங்கள். நடு நரம்புக்குச் சங்கிலித் தையல், கிளை நரம்புக்குக் காம்புத் தையல். என்னிடம் வரும் பதினாலு வயதுப் பெண் புழு அரித்த ஓட்டையைக்கூட விடாமல் தைத்தாள்!

கேட்டவர்: நன்றி. படிகாரத்தில் ஊறிய துணி காய்கிறது, நாளை தட்டுகிறோம்.