வீட்டிலேயே டெஸ்ட் பண்ணிக்கொண்டால் அது எந்தக் கணக்கில் வரும்?

புதுவயல்காரன்:
சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பன் ஒருவன் ஆன்லைனில் சிபிலிஸ் என்ற பால்வினை நோயைப் பார்க்கும் கிட் வாங்கினான், ஒரு பெட்டியில் இரண்டு. கூரியர் வந்தபோது முகப்பில் உட்கார்ந்திருந்த ஆச்சிதான் வாங்கி வைத்தார்கள், சுகர் பார்ப்பது என்று சொல்லிச் சமாளித்துவிட்டான். போட்டுப் பார்த்தால் இரண்டு கோடு, அதாவது நோய் இருக்கலாம் என்று அர்த்தம். எனக்குப் போட்டோ அனுப்பிவிட்டு அதைக் குப்பையில் எறிந்துவிட்டான். இது சுகாதாரத் துறைக்குத் தெரியுமா? தெரியாதென்றால் மாவட்டத்தில் இத்தனை பேருக்கு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

லேப்காரர்:
தெரியாது. நம்பிக்கை மையம் (அரசின் எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்), அரசு பால்வினை நோய் கிளினிக் இங்கெல்லாம் பதிவேட்டில் ஏறினால்தான் அது கணக்கு. இதில் ஒரு கூத்து இருக்கிறது. நூறு பேர் வந்து இரண்டு பேருக்கு இருந்தால் 2 சதவீதம். அதே ஊரில் தொண்ணூறு பேர் வீட்டிலேயே பார்த்து ஒன்றுமில்லை என்று இருந்துவிட, பயந்துபோன அந்த இரண்டு பேரும் மீதி எட்டுப் பேரும் மட்டும் வந்தால் 20 சதவீதம். நோய் கொஞ்சமும் அதிகமாகவில்லை! அந்த இரண்டு பேரும் வராவிட்டால் பூஜ்யம், அதுவும் பொய்.

அப்புறம், முன்பு வந்து குணமானவருக்கும் அந்தக் கிட்டில் ஆயுசுக்கும் இரண்டு கோடு காட்டலாம். அதனால் நோய் இப்போதும் இருக்கிறதா என்று அறிய விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர் என்ற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை விழுங்க வேண்டாம், இதற்குப் பென்சிலின் ஊசிதான்.

கிராமச் செவிலியர்:
கர்ப்பிணிகளுக்கு எச்ஐவியும் சிபிலிஸும் எப்படியும் பார்த்துவிடுகிறோம், அந்தப் பக்கம் கணக்கு ஓரளவு நிற்கும். தனியாக இருக்கும் ஆண்கள்தான் நழுவிவிடுகிறார்கள். கூடப் பழகியவரையும் அழைத்துப் பார்க்க வேண்டும், அதை எந்தக் கிட் செய்யும்? எச்ஐவியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1097 என்ற எச்ஐவி உதவி எண் இலவசம், பெயர் சொல்லாமலே பேசலாம்.

புதுவயல்காரன்:
காரைக்குடியில் போனால் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்கிறான்.

லேப்காரர்:
மதுரைக்கு பஸ் ஏறட்டும், பெரியாஸ்பத்திரியில் யார் யாரைப் பார்க்கிறார்கள்? எச்ஐவி விவரத்தைச் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்று 2017இல் சட்டமே வந்துவிட்டது.

புதுவயல்காரன்:
சரி, திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன். மிச்சமிருக்கும் கிட்டை ஆச்சி பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்களாம், தனக்கும் சுகர் பார்க்கச் சொல்லி இவனைப் பிடுங்கி எடுக்கிறார்கள்.