போலந்து லைசென்ஸ், ஜெர்மனியில் வேலை: கேமரா அபராதக் கடிதம் வந்தால் பாயின்ட் எங்கே ஏறும்?

காட்பாடி_கேட்:
வணக்கம்ங்க. தம்பிக்காகக் கேக்கறேன், ஐரோப்பா ரூல்ஸ் தெரிஞ்சவங்க சொல்லுங்க. வேலூர் லைசென்ஸைக் கொடுத்து மாத்தி போலந்து லைசென்ஸ் வாங்கினவன். முன்ன போலந்துல வ்ரோத்ஸ்வாஃப்ல இருந்தான், இப்ப ஜெர்மனியில டிரெஸ்டன்ல வேலை. கார் அவன் பேர்லயே போலந்து நம்பர்ல ஓடிகினு கீது. போன மாசம் அந்தப் பக்கம் போனப்ப, ஊருக்குள்ள 50 போட்ட இடத்துல 81ல போனதா கேமரா புடிச்சுட்டு பழைய ரூமுக்குக் கவர் அனுப்பிகீறாங்க. ரூம்ல இருக்கற பையன் போட்டோ எடுத்து அனுப்பினான்.

ஏற்கெனவே 11 மாசம் முன்னாடி போன் பேசிகினு ஓட்டினதுக்கு 12 பாயின்ட், அந்தக் காசை அங்கயே கட்டிட்டான். இப்ப இது எத்தனை பாயின்ட்? 24 தாண்டிடுமா? ஜெர்மனியில தெரியுமா? வேலூர்ல ஏதாவது பிரச்சினை வருமா? வண்டி ஓட்டினது நான்னு என் பேரை எழுதிட்டா தப்பிக்கலாம்னு ஒருத்தர் சொன்னார், அது சரியா வருமா?

கோட்டை_அகழி:
முதல்ல கடைசிக் கேள்வி: உங்க பேரை எழுதாதீங்க. ஓட்டினவர் பேர், விலாசம், லைசென்ஸ் விவரம் எல்லாம் கேட்பாங்க. பொய்யா எழுதிக் கையெழுத்துப் போட்டா அது தனி வழக்கு. காட்பாடியில இருந்த ஆள் அன்னைக்குப் போலந்துல ஓட்டினார்னு பாஸ்போர்ட்டை வச்சு நிரூபிக்க முடியாது.

கவர்ல இருக்கறது அபராத ரசீது இல்ல. கேமராக்களை நடத்தற சாலைப் போக்குவரத்து ஆய்வுத் தலைமையகம், சுருக்கமா ஜி.ஐ.டி.டி., வண்டி ஓனருக்கு அனுப்பற விசாரணைக் கடிதம் அது. உள்ள மூணு வழி இருக்கும்: நான்தான் ஓட்டினேன், இன்னார் ஓட்டினார், யார்னு சொல்ல மாட்டேன். மூணாவதுல பாயின்ட் ஏறாது, அதனால பல பேர் அதைத் தேடிப் போறாங்க. ஆனா சொல்லாததுக்கே தனி அபராதம், 8,000 ஸ்லோட்டி (போலந்து காசு) வரைக்கும் போகலாம். உங்க தம்பி கணக்குக்கு அது நஷ்ட வியாபாரம்.

கணக்கு இதுதான். 31 முதல் 40 கிலோமீட்டர் வரை அதிகம்னா 800 ஸ்லோட்டி, 9 பாயின்ட். 81ல 50 போனா 31. ஒரே ஒரு கிலோமீட்டர் கம்மியா 80ல போயிருந்தா 400 ஸ்லோட்டி, 7 பாயின்ட்டோட முடிஞ்சிருக்கும். ரெண்டு வருஷத்துக்குள்ள மறுபடி வரம்பை விட 30க்கு மேல அதிகமா போனா அபராதம் இரட்டிப்பு, அதாவது 1,600. ஊருக்குள்ள வரம்பை விட 50க்கு மேல அதிகமா போனா மூணு மாசம் லைசென்ஸ் போயிடும், இது அந்தக் கேஸ் இல்ல.

போன் பேசினதுக்கு 500 ஸ்லோட்டி, 12 பாயின்ட், நீங்க சொன்னது சரி. 12ம் 9ம் 21. வரம்பு 24, அதைத் தாண்டினாத்தான், அதாவது 25லேர்ந்து, மறு தேர்வுக்கும் உளவியல் பரிசோதனைக்கும் கூப்பிடுவாங்க. லைசென்ஸ் எடுத்த முதல் வருஷத்துல இருக்கறவங்களுக்கு வரம்பு 20, தாண்டினா லைசென்ஸே ரத்து. தம்பி அந்தக் கட்டத்துல இல்லன்னு வச்சுக்கறேன்.

இப்ப முக்கியமான விஷயம். பாயின்ட் அழியறது குத்தம் நடந்த நாள்லேர்ந்து ஒரு வருஷம் இல்ல, அபராதம் கட்டின நாள்லேர்ந்து ஒரு வருஷம். 2022 செப்டம்பர் 17க்கு அப்புறம் கொஞ்ச நாள் ரெண்டு வருஷமா இருந்தது, 2023 செப்டம்பர் 17லேர்ந்து மறுபடி ஒரு வருஷம். போன் அபராதத்தை அங்கயே கட்டியிருந்தா அடுத்த மாசம் 12 போயிடும். இந்த 9 மட்டும் நிக்கும். ஆனா இதைக் கட்டாம இழுத்தா 9 பாயின்ட் நகரவே நகராது. கூட்டல் குத்தம் நடந்த தேதியை வச்சு, கழித்தல் காசு கட்டின தேதியை வச்சு. இதைக் குழப்பிக்கிட்டுத்தான் பலரும் மாட்டறாங்க.

சில பேர் உடனே வோர்ட்ங்கற ஓட்டுநர் தேர்வு மையத்துப் பயிற்சி வகுப்புக்கு ஓடுவாங்க, 6 பாயின்ட் குறையும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. உங்க தம்பிக்கு அடுத்த மாசமே 12 போகப்போகுதுன்னா அந்தக் காசு வீண். அது வரைக்கும் அந்தப் பக்கம் ஓட்டாம இருந்தா போதும்.

மக்கன்_பேடா:
இவ்வளவு யோசிக்கணுமா? ஆள் நாட்டை விட்டே போயிட்டான், கடிதம் கையில வாங்கல. விட்டுடச் சொல்லுங்க, அவங்க எங்க தேடப் போறாங்க.

இலவம்பாடி_முள்ளுக்கத்தரி:
பேடா சார், உங்க பேர் மாதிரி இனிப்பாத்தான் இருக்கு யோசனை, ஆனா நாளைக்கு வயிறு வலிக்கும்.

கேமரா வழக்குல அபராதச் சீட்டு போட ஜி.ஐ.டி.டி.க்கு 180 நாள் அவகாசம். அது போனா வழக்கு கோர்ட்டுக்குப் போகும், அங்க இந்த மாதிரி குத்தத்துக்கு உச்சவரம்பு 30,000 ஸ்லோட்டி. கோர்ட் ஆளைக் கூப்பிடாமலே தீர்ப்பெழுதி பழைய ரூமுக்கு அனுப்பும். ஆள் இல்லன்னா தபால்காரர் அவிஸோன்னு ஒரு சீட்டைப் பெட்டியில போடுவார், ஏழு நாள், மறுபடி ஒரு சீட்டு, இன்னொரு ஏழு நாள். யாரும் வாங்கலைன்னா 'சேர்ந்துடுச்சு'ன்னே சட்டம் எடுத்துக்கும். ஆட்சேபிக்க இருக்கற ஏழு நாளும் தெரியாமலே ஓடிடும். "கடிதம் கையில வாங்கல"ங்கறது தப்பிக்கிற வழி இல்ல, அதுதான் மாட்டற வழி.

காசு வசூலும் எல்லை தாண்டும். ஐரோப்பிய யூனியன் நாடுங்க ஒருத்தர் அபராதத்தை இன்னொருத்தர் வசூல் பண்ணிக் கொடுக்கற ஏற்பாடு இருக்கு. ஜெர்மனியில பான் நகரத்துல இருக்கற ஃபெடரல் நீதி அலுவலகம் அந்த வேலையைப் பார்க்குது, 70 யூரோவுக்கு மேல இருந்தா எடுத்துக்கும். 800 ஸ்லோட்டி சுமார் 190 யூரோ, தாராளமா உள்ள வருது. போலந்துல அவர் பேர்ல பேங்க் கணக்கோ வருமான வரி ரீஃபண்டோ இருந்தா அங்கேயே பிடிச்சுக்குவாங்க.

பாயின்ட் விஷயம் வேற. போலந்து பாயின்ட், ஜெர்மனி பாயின்டை எழுதற ஃப்ளென்ஸ்பர்க் பதிவேட்டுக்குப் போகாது, ஃப்ளென்ஸ்பர்க் பாயின்ட் போலந்துக்கு வராது. ரெண்டு தனித்தனிக் கணக்கு. ஜெர்மனியில அவர் போலந்து லைசென்ஸோட தப்பு பண்ணினாலும் அவர் பேர்ல அங்க பாயின்ட் எழுதுவாங்க, 8 ஆனா ஜெர்மனியில ஓட்டற உரிமை போயிடும். ஒப்பிட்டுப் பாருங்க: ஊருக்குள்ள 31 அதிகம்னா அங்க 260 யூரோ, 2 பாயின்ட், ஒரு மாசம் ஓட்டத் தடை. கூடவே நோட்டீஸ் செலவு 28.50 யூரோ.

எல்லை தாண்டறது லைசென்ஸோட உயிர்தான். போலந்து அதிகாரி லைசென்ஸை நிறுத்தி வச்சா, கையில அட்டை இருந்தாலும் ஜெர்மனியில ஓட்டறது லைசென்ஸ் இல்லாம ஓட்டறதுதான், அது அபராதம் இல்ல, கிரிமினல் குத்தம். போலந்து அட்டையை ஜெர்மன் அட்டையா மாத்தப் போனாலும் அங்க உள்ள அலுவலகம் போலந்துல கேட்டுட்டுத்தான் கொடுக்கும்.  அட்டையோட தேதி முடிஞ்சா புதுப்பிக்கறது வசிக்கற நாட்டுலதான், வருஷத்துல 185 நாள் எங்க இருக்காரோ அங்க.

இன்னொண்ணு, காரை ஜெர்மனியில வச்சுகிட்டு போலந்து நம்பர்லயே ஓட்டிகிட்டு இருக்கறதும் ரொம்ப நாள் ஓடாது. அதை அங்க பதிவு மாத்தணும்.

காட்பாடி_கேட்:
ரொம்ப நன்றிங்க. அப்ப பதில் அனுப்பச் சொல்லிடறேன். பாயின்ட் ஆன்லைன்ல பார்க்கலாம்னு சொல்றாங்க, ஆனா எஸ்எம்எஸ் வரமாட்டேங்குதாம். 800 ஸ்லோட்டிய இங்கேர்ந்து நானே கட்டலாமா? இன்னொரு கூத்து, "உங்க அபராதம் பாக்கி, கட்ட இங்க அழுத்துங்க"ன்னு ஒரு மெசேஜ் வேற வந்துகீது அவன் போனுக்கு.

பாலாறு_பார்த்தவன்:
அந்த மெசேஜை அழிக்கச் சொல்லுங்க. கேமரா வழக்கு தபால்லதான் வரும், லிங்க் அனுப்பிக் காசு கேக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல சலான்னு சொல்லி வாட்ஸ்அப்ல ஆப் ஃபைல் அனுப்பி பேங்கைத் துடைக்கறாங்களே, அதே கும்பல் புத்தி.

எஸ்எம்எஸ் வராததுக்குக் காரணம் பழைய போலந்து சிம். எம்ஒபிவாடெல்ங்கற போலந்து அரசு ஆப்பும் அரசுத் தளமும் ப்ரோஃபில் ஸாவுஃபானிங்கற அடையாளத்தை வச்சுத்தான் உள்ள விடும், அது பதிவு பண்ணின நம்பருக்கே கோட் அனுப்பும். சிம் செத்துப் போயிருந்தா, போலந்து பேங்க் கணக்கு மூலமா உள்ள போக முடியுதான்னு பாருங்க, பல பேங்குல முடியும். அதுக்கும் பெசெல்ங்கற போலந்து அடையாள நம்பர் வேணும். இல்லன்னா போலந்து போற நேரத்துல எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அடையாள அட்டையோட போனா வாயால சொல்லிடுவாங்க, இலவசம். எழுத்துல சான்று வேணும்னா 17 ஸ்லோட்டி. பார்க்கும்போது ரெண்டு வகை தெரியும்: உறுதியான பாயின்ட், தற்காலிகப் பாயின்ட். இந்த 9 இப்போதைக்குத் தற்காலிகமா இருக்கலாம், சீட்டு உறுதியான பிறகு மாறும்.

காசு விஷயம். வேலூர்லேர்ந்து கட்டலாம், ஆனா கட்டாதீங்க. பேங்குல வெளிநாட்டுக்குக் காசு அனுப்பற ஏ2 ஃபாரம், பான் கார்டு, ஸ்விஃப்ட் கட்டணம்னு போகும். அதைவிட மோசம், நடுவுல இருக்கற பேங்க் தன் கமிஷனை எடுத்துக்கிட்டு 800ஐ 740ஆ சேர்க்கும். முழுத் தொகை வரலைன்னா கட்டினதாவே ஆகாது, பாயின்ட் கடிகாரமும் ஓட ஆரம்பிக்காது. வேற வழியே இல்லன்னா எல்லாச் செலவும் அனுப்பறவர் மேலன்னு போடச் சொல்லுங்க. தம்பி தன் போலந்து கணக்குலேர்ந்தோ ஜெர்மன் கணக்குலேர்ந்தோ கட்டறதுதான் சுலபம்.

கணக்கு நம்பரை கூகுள்ல தேடக் கூடாது, சீட்டுல அச்சடிச்சதையே போடணும். போலீஸ் கையால போடற சீட்டு ஓபொலே நகரத்து வரி அலுவலகக் கணக்குக்குப் போகும்; கேமரா சீட்டுக்குக் கணக்கு வேற. ரெண்டையும் மாத்திப் போட்டு ரீஃபண்டுக்கு அலையறவங்க நிறைய. விவரம் எழுதற இடத்துல சீட்டோட வரிசை எழுத்து, நம்பர், தன் பேர். சீட்டு கைக்கு வந்து 7 நாளுக்குள்ள கட்டணும்.

காட்பாடி_கேட்:
புரிஞ்சுதுங்க. கடைசியா ஒண்ணு: வேலூர் ஆர்டிஓ பக்கம் இது தெரியுமா? அவன் பொங்கலுக்கு வர்றான், வீட்டு வண்டி ஓட்டணும்.

கோட்டை_அகழி:
தெரியாது. போலந்து பதிவேட்டுக்கும் நம்ம சாரதி தளத்துக்கும் எந்த இணைப்பும் இல்ல, பாயின்ட் டிஎன் 23க்கு வராது.

ஆனா பொங்கலுக்கு ஓட்டறதுல ஒரு சிக்கல் இருக்கு. மாத்தும்போது வேலூர் லைசென்ஸை அங்க வாங்கி வச்சு, கொடுத்த அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பற வழக்கம். ஆர்டிஓவுக்கு வந்து சேர்ந்துதான்னு முதல்ல கேளுங்க. சாரதியில ரெக்கார்டு இன்னும் உயிரோட தெரியுதேன்னு 'தொலைஞ்சு போச்சு'ன்னு எழுதி டூப்ளிகேட் வாங்கிடாதீங்க, தொலையலையே. நேர் வழி, போலந்து அட்டையோட சர்வதேச ஓட்டுநர் அனுமதி. அதை போலந்துல ஸ்டாரோஸ்தாங்கற மாவட்ட நிர்வாக அலுவலகம் கொடுக்கும், ரெண்டு வகை இருக்கு. இந்தியா சேர்ந்திருக்கறது 1949 ஜெனீவா ஒப்பந்தம், அதனால அந்த வகைன்னு கேட்டு வாங்கச் சொல்லுங்க. செல்லுபடி ஒரு வருஷம்.

அதுக்காக போலந்து போறப்பவே போலீஸ் ஸ்டேஷன்ல பாயின்டையும் பார்த்துட்டு வரட்டும். கடித விலாசத்தையும் டிரெஸ்டனுக்கு மாத்தச் சொல்லி ஜி.ஐ.டி.டி. பதிலோடயே எழுதிடுங்க, வழக்கு எண்ணை மேல போட்டு, ரெஜிஸ்டர் தபால்ல. அந்த ரூம் பையன் நாளைக்கு காலி பண்ணிட்டா அடுத்த கவரை போட்டோ எடுக்க யாரும் இருக்க மாட்டாங்க.