நியூ மெக்சிகோ சென்றுவந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். அக்டோபர் தொடக்கத்தில் அப்பா, அம்மாவுடன் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தைக் காரில் சுற்றிப்பார்க்க இருக்கிறோம். ஆல்புகர்க்கியில் அப்போது பலூன் திருவிழா என்பதால் அறை வாடகை தாறுமாறாக ஏறியிருக்கிறது. சாண்டா ஃபேயில் தங்கி விடியற்காலையில் கிளம்பிவருவது சரிப்படுமா? அந்த ஊர் ஏறத்தாழ 7,000 அடி உயரம். மருத்துவர் சம்மதித்துவிட்டார், ஆனாலும் வயதானவர்களுடன் போனவர்களின் அனுபவம் வேண்டும்.

அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். 1680-இல் அங்குள்ள பூர்வகுடிகளான புவெப்லோ மக்கள் ஸ்பானியரை விரட்டி, பன்னிரண்டு ஆண்டுகள் அண்டவிடாமல் வைத்திருந்ததைப் படித்ததிலிருந்து அவர்களுடைய பழைய ஊரான டாவோஸ் புவெப்லோவைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். அடுக்கடுக்கான அந்த மண்வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். சடங்கு நாட்களில் வெளியாருக்கு அனுமதி இல்லை. அந்த நாட்களை முன்கூட்டியே எப்படி அறிவது? புவெப்லோ முன்னோரின் கட்டட இடிபாடுகள் உள்ள சாக்கோ பள்ளத்தாக்கும் அவர் பட்டியலில் இருக்கிறது. கடைசிப் பகுதி மண்சாலை. சாதாரண வாடகைக் கார் தாங்குமா, மழை பெய்தால் என்ன கதி?

தெற்கே ஒயிட் சாண்ட்ஸ் என்ற வெண்மணல் மேடுகள். ஜிப்சம் மணல் வெயிலிலும் கால் சுடாது என்றதும் அம்மா தயாராகிவிட்டார். ஏவுகணைச் சோதனைக்காகச் சாலையை மூடும் நேரங்களை எங்கே பார்ப்பது? கார்ல்ஸ்பாட் குகையில் மாலை நேரத்தில் வௌவால்கள் கூட்டமாக வெளியேறுவதை அக்டோபரில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

ரோஸ்வெல் பறக்கும் தட்டு அருங்காட்சியகம் என் மகனின் பிடிவாதம். எனக்கு விருப்பமில்லை; அவன் பக்கம் பேசுபவர்கள் பேசலாம்.

இன்னொன்று: நாங்கள் சைவம். அங்கே புகழ்பெற்ற பச்சை மிளகாய்க் குழம்பில் பெரும்பாலும் பன்றியிறைச்சி சேர்ப்பார்கள். இறைச்சியில்லாமல் அதைத் தரும் உணவகம் தெரிந்தால் ஊர்ப் பெயருடன் குறிப்பிடுங்கள்.